சேர்ந்த தேதி

வருடத்துக்கு ஒருமுறை பெரியம்மாவைத் திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவுக்கு அருகில் உள்ள கணினி மையத்துக்கு அழைத்துப் போவேன். ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று அரசுக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் உயிர்வாழ்வுச் சான்று. சின்னக் கருவியின் கண்ணாடி மேல் பெரியம்மா கட்டைவிரலை வைப்பார். பதியாது. ஆள்காட்டி விரல், அதுவும் பதியாது. மையத்துப் பையன் ஈரத்துணி கொடுப்பான். துடைத்து மறுபடி வைத்தாலும் பதியாது. "ரீலிங்ல போச்சு தாயி. நூலு தின்னுருச்சு" என்பார் பெரியம்மா. இப்போது முகத்தைப் படம் பிடித்தாலே போதும் என்று வசதி வந்துவிட்டதால் அந்தச் சிரமம் குறைந்திருக்கிறது. கேமராவைப் பார்த்துக் கண்ணை மூடித் திறக்கச் சொல்வான். அவர் சிரிப்பார். உயிரோடு இருப்பது உறுதியாகிவிடும்.

அவருக்கு வருவது மாதம் 1000 ரூபாய். 2014 செப்டம்பருக்கு முன்னால் 450 ரூபாய். அந்த மாதம் மத்திய அரசு குறைந்தபட்சத் தொகையை உயர்த்தியதால் 1000 ஆனது, இன்றும் அதே 1000. ஆணையில் உறுப்பினர் என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயர் இருக்கிறது. பெறுபவர் என்ற இடத்தில் பெரியம்மாவின் பெயர், உறவுமுறையில் 'மனைவி'. அதே மில்லில் பெரியம்மாவும் 21 வருடம் வேலை பார்த்தார் என்பதைச் சொல்லும் காகிதம் எதுவும் அவரிடம் இல்லை. அப்படி ஒன்று இல்லாமல் போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். ஆனால் அதற்கு மில்லின் கதையிலிருந்து வரவேண்டும்.

மதுரைக்குத் தெற்கேயும் மேற்கேயும் இருக்கும் இந்தச் சமவெளியில் பஞ்சாலைகள் வந்து நூற்றிமுப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1892-இல் ரயில் நிலையத்தை ஒட்டி மதுரா மில்லைத் தொடங்கினார்கள். இன்றும் இங்கே பழைய ஆட்கள் 'ஆர்வி மில்' என்றுதான் சொல்வார்கள். அந்த மில் தொழிலாளர்களுக்காகக் கம்பெனி எழுப்பிய குடியிருப்பு திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்திலேயே ஹார்விபட்டி என்ற பெயரில் இருக்கிறது. வெள்ளைக்கார முதலாளியின் பெயரோடு தமிழ்ப் 'பட்டி' சேர்ந்து ஒரு ஊராகி, பஸ் பலகையில் ஏறி, யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாமல் போய்விட்டது. பிறகு கருமுத்து தியாகராஜன் செட்டியாரின் மீனாட்சி மில், பசுமலையில் மகாலட்சுமி மில் என்று இந்தியர்களின் ஆலைகள் வந்தன. என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் கடிகாரம் ஓடாத நாட்களில் மில் சங்கை வைத்துத்தான் பள்ளிக்குக் கிளம்புவோம்.

பஞ்சாலை என்றால் நம் மனதில் வரும் சித்திரம் ஆணின் சித்திரம். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் என்றால் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நினைவுக்கு வருகிறார்கள். அதுவும் ஹார்வி கம்பெனியின் மில்தான். மதுரைத் தொழிற்சங்கம் என்றால் பி. ராமமூர்த்தி நினைவுக்கு வருகிறார். நாடக மேடையிலிருந்து அரசியலுக்கு வந்து, 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான கே.பி. ஜானகியம்மாளின் பெயரை என் மாணவிகளிடம் சொன்னால் "யாரு மேடம் அது?" என்கிறார்கள். தலைவிக்கே இந்தக் கதி என்றால், ரீலிங் பகுதியில் நின்ற பெண்களின் பெயரை யார் சொல்லப்போகிறார்கள்?

ரீலிங் என்பது கதிரில் சுற்றிய நூலை எடுத்துச் சிட்டமாகச் சுற்றும் வேலை. கைத்தறிக்குச் சிட்டம் வேண்டும். மதுரையில் நெசவாளர் குடும்பங்களும் சாயப்பட்டறைகளும் நிறைந்திருந்ததால் சிட்டத்துக்குக் கிராக்கி இருந்தது. அந்த வேலையைத் தொடக்கத்திலிருந்தே பெண்களிடம் கொடுத்தார்கள். வைண்டிங்கிலும் கழிவுப் பஞ்சு பிரிப்பதிலும் பெண்கள் இருந்தார்கள். நூற்பில், மெஷின் பக்கத்தில், மேஸ்திரி வேலையில் ஆண்கள். பெண்களுக்குச் சிட்டத்தை எண்ணிக் கூலி. எண்ணிக்கைக் கூலிக்காரிக்கு நாள் கணக்கு எதற்கு என்று வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயரை ஒழுங்காக ஏற்றுவதே கிடையாது. பின்னால் வந்த எல்லாச் சட்டங்களும் நாள் கணக்கைத்தான் கேட்டன.

பெண்கள் மில்லிலிருந்து குறைந்த கதையை ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. அதில் ஒரு முரண் இருக்கிறது. 1934-இல் சென்னை மாகாணம் பிரசவகாலச் சலுகைச் சட்டம் கொண்டுவந்தது. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம், பெண்களைக் காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. இரண்டும் பெண்களைக் காக்க வந்தவை. ஆனால் மில்கள் இரண்டு ஷிப்ட், மூன்று ஷிப்ட் என்று ஓடத் தொடங்கியதும், இரவில் வரமுடியாத, பிரசவத்துக்குச் செலவு வைக்கிற தொழிலாளி எதற்கு என்று முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். வெளியே போன பெண்ணின் இடத்தில் இன்னொரு பெண்ணை நிரந்தரமாக எடுக்கவில்லை, 'பதிலி'யாக எடுத்தார்கள். யாராவது வராத நாளில் மட்டும் வேலை என்பது அந்தச் சொல்லின் பொருள். பெரியம்மா பதினைந்து வருடம் பதிலியாக இருந்தார். பதினைந்து வருடம் தினமும் யாரோ ஒருத்தி வராமல் இருந்தாளா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "அந்த வராதவளே நாந்தேன்" என்றார். அந்த இரவுத் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது 2000-இல். அதற்குள் இங்கே பல மில்களில் சங்கு நின்றுபோயிருந்தது.

ஓய்வூதியம் என்ற ஏற்பாடு தனியார் மில் தொழிலாளிக்கு எப்போது வந்தது என்று மாணவிகளைக் கேட்டால், சுதந்திரம் வந்ததும் வந்திருக்கும் என்பார்கள். 1952-இல் வந்தது சேமநல நிதி மட்டும்தான். கூலியில் கொஞ்சம் பிடித்து, முதலாளியும் அதே அளவு போட்டு, கடைசியில் மொத்தமாகக் கொடுப்பது. 1971 மார்ச்சில் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதன்படி வேலையில் இருக்கும்போதே தொழிலாளி இறந்தால்தான் குடும்பத்துக்குப் பணம். உயிரோடு ஓய்வுபெற்றவருக்கு மாதாமாதம் எதுவும் கிடையாது. 1995 நவம்பர் 16-இல்தான் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலாளி சேமநல நிதிக்குச் செலுத்தும் பங்கிலிருந்து கூலியின் 8.33 சதவீதம் இதற்குப் போகும். மத்திய அரசு 1.16 சதவீதம் சேர்க்கும். குறைந்தது பத்து வருட உறுப்பினர் காலம் வேண்டும், 58 வயதில் பென்சன். கணக்கு எளிமையானது: ஓய்வூதியத்துக்குரிய கூலியை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2400 ரூபாய் கூலியில் 12 வருடம் என்றால் மாதம் 411 ரூபாய். அவர் இறந்தால் மனைவிக்குப் பொதுவாக அதில் பாதி, ஒரு குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாமல். மனைவி மறுமணம் செய்துகொண்டால் அதுவும் நின்றுவிடும். மனைவியை இழந்தவருக்கும் இதே விதி என்று சட்டம் சமமாகத்தான் எழுதியிருக்கிறது. மில்லில் நிரந்தர வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்றான பிறகு, இந்தச் சமத்துவம் யார் வீட்டு வாசலில் போய் நின்றது என்பது விளங்கும்.

இதை வகுப்பில் பேசும்போது நான் கல்வெட்டுகளுக்குப் போய்விடுவேன். தமிழ் வாத்தியார் புத்தி. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று ஒரு தொடர் வரும். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடு, சில இடங்களில் 90 ஆடு கொடுப்பார்கள். இடையர் அவற்றை வைத்துக்கொண்டு தினமும் நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் அது சாகாத, மூப்படையாத ஆடு. முதல் கரையாமல் வருமானம் மட்டும் வரும் நிதி என்று இன்றைக்குச் சொல்வதை அவர்கள் ஆட்டை வைத்துச் சொன்னார்கள். போரில் இறந்த வீரனின் குடும்பத்துக்கு விட்ட நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். ரத்தத்துக்கு ஈடான நிலம். குடும்ப ஓய்வூதியத்துக்கு இதைவிடப் பழைய தமிழ்ச் சொல் எனக்குத் தெரியாது.

எனக்குப் பிடித்தது தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு. ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியமர்த்தி, ஒவ்வொருத்தியின் பெயரையும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்பதையும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதையும் கல்லில் வெட்டச் செய்தான். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவள் இறந்தாலோ வேற்றிடம் போனாலோ அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும். அந்தப் பெண்களின் நிலையை நான் அழகுபடுத்திச் சொல்ல வரவில்லை. அவர்களிடம் விரும்பித்தான் வந்தீர்களா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஆயிரம் வருடத்துக்குப் பிறகும் பெயர், ஊர், வீட்டு எண் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன்பு மதுரையில் ஒரு மில்லில் ரீலிங்கில் நின்றவர்களின் பெயர் இல்லை.

ஒரு மில் எப்படி மூடுகிறது? பூட்டுப் போட்டு, கணக்குத் தீர்த்து, கையில் பணம் கொடுத்து அனுப்புவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்படி முறையாக மூடியிருந்தால் பாதிச் சண்டை இருந்திருக்காது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்த ஆலையில் ஆட்குறைப்புச் செய்ய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தின் 25-என் பிரிவு. அது செல்லும் என்று உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1992-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் மீனாட்சி மில் தொழிலாளர்கள் வழக்கு என்றே அறியப்படுகிறது. மதுரை மில்லின் பெயர் இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்களின் வாயில் புழங்குவது இப்படித்தான். மூடுவதற்கும் அப்படியே அனுமதி வேண்டும் என்று 25-ஓ சொன்னது. நல்ல சட்டங்கள். அவற்றைச் சுற்றிக்கொண்டு போகப் பல ஆலைகள் ஒரு வழி கண்டுபிடித்தன. மூடாமலே மூடுவது. கரண்ட் பில் கட்டாமல் விட்டால் வாரியம் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பஞ்சு வரவில்லை என்பார்கள். 'இன்று வேலை இல்லை' என்று கரும்பலகையில் எழுதுவார்கள். அந்த 'இன்று' சில இடங்களில் வருடக்கணக்கில் நீடித்தது.

பெரியப்பாவும் பெரியம்மாவும் வேலை பார்த்த மில்லில் நடந்ததும் இதுதான். 1997-இல் ஒருநாள் மெஷின் நின்றது. யாரையும் வேலைநீக்கம் செய்யவில்லை. அதனால் வேலையிலிருந்து விலகிய தேதி என்று ஒன்று இல்லை. அந்தத் தேதி இல்லாமல் சேமநல நிதிப் படிவத்தையோ பென்சன் படிவத்தையோ நிரப்ப முடியாது. படிவத்தில் முதலாளி கையெழுத்து வேண்டும். முதலாளி ஊரில் இல்லை. ஆலை மூடியிருந்தால் வங்கி மேலாளரோ அரசிதழ் அதிகாரியோ சான்றளிக்கலாம் என்று விதியில் வழி இருந்தது. அதைக் கண்டுபிடித்து, பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரியைத் தேடி அலைந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் வேறு வேலை தேடித் திருப்பூர் போனார்கள், கோயமுத்தூர் போனார்கள், சிலர் குடித்தே செத்தார்கள். என் அம்மா தன் அக்காவோடு சேமநல நிதி அலுவலகத்துக்கு அலைந்த நாட்களில் மதியச் சோற்றைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு போவார்.

நின்றுபோன மில் அன்று நேராகத் திவாலுக்குப் போனதில்லை. 1985-இன் நலிவுற்ற தொழில் நிறுவனச் சட்டப்படி முதலில் ஒரு வாரியத்துக்குப் போனது. அங்கே நோயாளி பிழைப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்த காலம் முழுக்க, கடன்காரர்கள் சொத்தில் கைவைக்க முடியவில்லை. பிறகு உயர்நீதிமன்றம். அங்கே கலைப்பு அலுவலர். எங்கள் தெருவில் அந்தச் சொல்லை 'லிக்கிட்டேட்டர்' என்பார்கள். அவர் வந்து பூட்டுக்கு மேல் அரக்கு முத்திரை வைத்தார்.

கலைப்பின்போது தொழிலாளி யார் என்ற கேள்விக்கும் தமிழ்நாட்டிலிருந்துதான் விடை வந்தது. கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றைக் கலைக்கச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு மனு வந்தபோது, தொழிற்சங்கம் தங்களையும் கேட்க வேண்டும் என்றது. பங்குதாரருக்கும் கடன்காரருக்கும்தான் சட்டத்தில் இடம் உண்டு, உங்களுக்கு எங்கே இடம் என்று கேள்வி வந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் போய், 1982 டிசம்பரில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், தொழிலாளர்களுக்குத் தங்கள் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்று நீதிபதி பகவதி உள்ளிட்ட பெரும்பான்மை தீர்ப்பளித்தது. முதலைப் போட்டவனைவிட உழைப்பைப் போட்டவன் குறைந்தவனில்லை என்பது அதன் சாரம். அதன்பின் 1985-இல் கம்பெனிச் சட்டத்தில் 529-ஏ பிரிவு சேர்ந்தது. அதுவரை சொத்தை ஈடாக வாங்கிய வங்கி எடுத்தது போக மிஞ்சியதில்தான் தொழிலாளிக்கு. அதற்குப் பிறகு வங்கியும் தொழிலாளியும் ஒரே பந்தியில் உட்காரலாம். சேமநல நிதிப் பாக்கிக்குத் தனிச் சட்டத்தில் எல்லாக் கடனுக்கும் முந்திய உரிமை உண்டு. 2016-இன் திவால் சட்டம் சேமநல நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி மூன்றையும் விற்பனைக்குரிய சொத்திலேயே சேர்க்கக் கூடாது என்கிறது. ஜெட் ஏர்வேஸ் ஊழியர்கள் தங்கள் சேமநல நிதிக்கும் பணிக்கொடைக்கும் 2022-இல் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் வென்றதும், 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை மாற்ற மறுத்ததும் இந்தப் பாதையில் நடந்தவை. அதே கம்பெனியை 2024 நவம்பரில் கலைக்கச் சொல்லி உச்சநீதிமன்றமே உத்தரவிட்டது. வென்ற தீர்ப்புக்கும் கைக்கு வரும் பணத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை எங்கள் தெருப் பெண்கள் அந்த விமானப் பணிப்பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

பணக்கார நாடுகளில் இந்தச் சண்டை வேறு மாதிரி. 1963 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனி இந்தியானா மாநிலத்து சவுத் பெண்ட் ஊர் ஆலையை மூடியபோது பென்சன் நிதியில் போதிய பணம் இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முழுசாகக் கொடுத்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தும் 60-ஐ எட்டாத சுமார் 4000 பேருக்கு 15 சதவீதம்தான் கிடைத்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்த அதிர்ச்சியின் நினைவில்தான் 1974-இல் அமெரிக்கா ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டமும் காப்பீட்டுக் கழகமும் கொண்டுவந்தது. பிரிட்டனில் 1991-இல் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்த பிறகு மிரர் ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் 40 கோடி பவுண்டுக்கு மேல் காணவில்லை என்பது தெரிந்தது. அங்கேயும் சட்டம் வந்தது. இந்தக் கதைகளை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். 1984-இல் அமெரிக்கா கொண்டுவந்த இன்னொரு சட்டத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அதற்கு முன்பு கணவன் தன் பென்சன் தொகையைக் கூட்டிக்கொள்வதற்காக, தான் இறந்தபின் மனைவிக்கு வரவேண்டியதை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட முடியும். அவளுக்குத் தெரியவே வேண்டாம். செத்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். 1984-க்குப் பிறகு அவள் கையெழுத்து இல்லாமல் அது முடியாது. பிரசவத்துக்காக வேலையிலிருந்து விலகி நின்ற காலத்தை வைத்து முந்தைய வருடங்களை அழித்துவிடக் கூடாது என்பதையும் அதே சட்டம் ஓரளவு உறுதி செய்தது.

ஸ்டூடிபேக்கர்க்காரர்களின் கேள்வி, பணம் இருக்கிறதா என்பது. நம் ஊரில் 1995 திட்டத்தின் பணம் முதலாளியிடம் இல்லை, மத்திய நிதியில் இருக்கிறது. மில் திவாலானாலும் பதிவில் இருப்பவருக்குப் பென்சன் நிற்காது. அதனால் நம் கேள்வி வேறு: ஆள் இருக்கிறாளா, ஏட்டில்? முதலாளி பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். ஆனால் பிடிக்கவே பிடிக்காமல், பெயரையே சேர்க்காமல் விட்டிருந்தால் அந்தக் குற்றத்தை நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது. 1990 நவம்பருக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்த அன்றே சேமநல நிதியில் சேர்க்க வேண்டும் என்ற விதியும் இல்லை. குறிப்பிட்ட காலம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். தொடர்ச்சி வந்துவிடாமல் இருக்க, நடுவில் சில நாள் நிறுத்திவைத்து மறுபடி கூப்பிடுவது மில்லின் பழக்கம். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் மூன்று. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் புதிதாக 'சேர்ந்தார்'. 1991-இல்தான் நிரந்தரமாகி நிதியில் எண் கிடைத்தது. 1997 வரை ஆறு வருடம். பத்து வருடம் இல்லாததால் பென்சன் கிடையாது. பத்து-சி படிவம் போட்டு, பிடித்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். வாங்கினார். அதில் மூத்த மகளுக்குக் கம்மல் எடுத்தார்.

இப்போது நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். 1998-இல் நான் கல்லூரி மாணவி. கலைப்பு அலுவலருக்குத் தொழிலாளர்களின் பாக்கிப் பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தது. சங்க அலுவலகத்தில் எழுத ஆள் இல்லை. பெரியப்பா என்னைக் கூட்டிப்போனார். "பாப்பாவுக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார்கள். மூன்று இரவு உட்கார்ந்து எழுதினேன். பெயர், நிதி எண், சேர்ந்த தேதி, கடைசிக் கூலி, பாக்கி என்று கட்டங்கள். நிரந்தரத் தொழிலாளிகளை எழுதி முடித்ததும், வயதான ஒரு தோழர் சொன்னார்: "ரீலிங் பொம்பளைங்க பதிலியா இருந்த காலத்துக்குக் கேக்குறாங்க. அதைத் தனித்தாள்ல எழுதும்மா. இதோட கலந்தா நம்ம கேஸு கெட்டுப் போகும்."

அவர் கெட்டவர் இல்லை. நிரூபிக்க முடிந்ததை முதலில் காப்பாற்றுவோம் என்று நினைத்திருக்கலாம். நான் தனித்தாளில் 41 பெயர்கள் எழுதினேன். பெரியம்மாவின் பெயர் பன்னிரண்டாவது. சேர்ந்த தேதிக் கட்டத்துக்கு வந்தபோது கேட்டேன். "அவுங்களுக்கு எங்க தேதி தெரியப்போகுது? கோடு போட்டுரு" என்றார். ஸ்கேல் வைத்து 41 கோடுகள் போட்டேன். அழகாக இருந்தன. பெரியம்மா அடுத்த தெருவில்தான் இருந்தார். எழுந்து போய்க் கேட்டுவர ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வருடம்தான் கல்லூரிப் பத்திரிகையில் பெண் விடுதலை பற்றி என் முதல் கவிதை வந்திருந்தது.

அந்தத் தாள் மனுவோடு போனதா, சங்க அலுவலக அலமாரியிலேயே தங்கியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நிரந்தரப் பட்டியலில் இருந்தவர்களுக்குப் பல வருடம் கழித்துப் பணிக்கொடையில் ஒரு பகுதி வந்தது. பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி. வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது தொடர்ச்சியான வருடம். பதிலியாக இருந்தாலும் நாள் எண்ணிக்கையைக் காட்டினால் கேட்கலாம். காட்ட வேண்டுமே. தேதிக்குப் பதில் கோடு இருக்கும் தாளை வைத்துக்கொண்டு எந்த வழக்கறிஞரும் எதுவும் செய்ய முடியாது. மற்ற நாற்பது பேரில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள் என்று போன வருடம் பெரியம்மாவோடு உட்கார்ந்து எண்ணினேன். பதினேழு வரை வந்தது. அவர்களில் நான்கு பேருக்குக் கணவரும் மில்காரர் இல்லை என்பதால் அந்த 1000 ரூபாய் கூடக் கிடையாது.

இந்தச் சட்டங்களில் 'குடும்பம்' என்ற சொல்லுக்குத் தனி விளக்கம் உண்டு. சேமநல நிதித் திட்டத்தில் ஆண் உறுப்பினரின் குடும்பத்தில் மனைவி வருவாள். அவளை நீக்க வேண்டுமானால், சட்டப்படி அவளுக்கு ஜீவனாம்ச உரிமை இல்லாமல் போனதை அவன் நிரூபிக்க வேண்டும். பெண் உறுப்பினர் தன் கணவனை நீக்க ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தால் போதும். 1952-இல் யாரோ யோசித்துத்தான் இதை எழுதியிருக்கிறார்கள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமிருந்து தன் சேமிப்பைக் காக்க மில்காரிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவு வழியாக நுழைய முதலில் அவள் உறுப்பினராக இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து 'சுமங்கலி' என்ற பெயரில் ஊர் ஊராகப் பெண்பிள்ளைகளை மூன்று வருட ஒப்பந்தத்தில் மில் விடுதிகளுக்குக் கூட்டிப்போனார்களே, அந்த மூன்று என்ற எண்ணையும் பென்சனுக்கான பத்து என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூலியோ, கல்யாணத்துக்கான மொத்தத் தொகையோ எவ்வளவாக இருந்தாலும், அந்தப் பெண்களுக்கு முதுமை என்று ஒன்று வரும் என்பதை அந்த ஒப்பந்தம் எண்ணவே இல்லை. என் வகுப்பில் அப்படிப் போய்வந்து படிப்பைத் தொடர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நிதி எண் தெரியுமா என்று கேட்பேன். ஒருத்திக்கும் தெரியாது.

குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 3000 ரூபாயாக்க வேண்டும் என்று பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2013-இலேயே பரிந்துரைத்தது. அடுத்த வருடம் வந்தது 1000. அதிகக் கூலிக்கு அதிகப் பென்சன் கேட்டவர்களின் வழக்கில் 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின. அது வரம்புக்கு மேல் கூலி வாங்கியவர்களின் வழக்கு. அன்றைக்கு என் சக பேராசிரியர்கள் ஆசிரியர் அறையில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை கணினி மையத்திலிருந்து திரும்பி வரும்போது மலைக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். 27 வருடமாகச் சொல்லாததைப் பெரியம்மாவிடம் சொன்னேன். தனித்தாள், கோடு, எல்லாம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "தேதி தெரியாதுன்னு யாரு சொன்னா?" என்றார். "கலைஞர் ஆட்சியக் கலைச்சாங்கள்ல, அது சனிக்கெழம. ரேடியோல சொல்லி ஊரே பயந்து கெடந்துச்சு. ஞாயித்துக்கெழம ஒங்க பெரியப்பா வெளிய விடல. திங்கக்கெழம காலைச் சங்குக்கு நான் மில்லுக்குள்ள போய்ட்டேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

வீட்டுக்கு வந்து பழைய நாட்காட்டியைப் பார்த்தேன். ஆட்சி கலைக்கப்பட்ட 1976 ஜனவரி 31 சனிக்கிழமைதான். நோட்டில் எழுதி வைத்தேன். பன்னிரண்டாவது பெயர், சேர்ந்த தேதி: 2.2.1976. மிச்சம் பதினேழு பேரின் வீட்டுக்கும் இந்தக் கோடை விடுமுறையில் போக வேண்டும். பெரியம்மாவும் வருகிறேன் என்கிறார்.